ஃபோர்ஸா ஹொரைசன் 5: கேம் விளையாடும் ஒரு டாக்டர் மாமாவின் புகார்ப் பட்டியல்

நீளமான பதிவு. டீயோ காபியோ கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

ஒரு டாக்டர் வீடியோ கேம் பற்றி எழுதினால் "கண்ணு போயிடும், கழுத்து போயிடும், படிப்பு போயிடும்" என்றுதான் இருக்கும் என நினைத்து நகர்ந்துவிடாதீர்கள். நானும் விளையாடுகிறவன்தான். நைட் டூட்டி முடித்து வந்து, தூக்கம் வராத காலையில் ஒரு மணி நேரம் மெக்சிகோவில் கார் ஓட்டிவிட்டுத் தூங்குகிற ஆள்.

அதனால் இது வெளியே நின்று திட்டுகிறவனின் பதிவு கிடையாது. உள்ளே உட்கார்ந்து ரசித்தவனின் புகார்கள். புகார் எழுதிக்கொண்டே வந்தால் கடைசிப் புகார் என் மீதே வந்து நின்றது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில், கேம் தெரியாதவர்களுக்காக.

ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்பது கார் ரேஸ் கேம். இங்கிலாந்தின் பிளேகிரவுண்ட் கேம்ஸ் உருவாக்கியது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021 நவம்பர் 9 அன்று எக்ஸ்பாக்ஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் வெளியிட்டது. 2025 ஏப்ரலில் பிளேஸ்டேஷன் 5க்கும் வந்துவிட்டது. முதல் வாரத்திலேயே ஒரு கோடிப் பேர் விளையாடினார்கள் என்று அறிவித்தார்கள்.

இதை "ஓப்பன் வேர்ல்டு" கேம் என்பார்கள். அதாவது இந்த டிராக்கில்தான் ஓட்ட வேண்டும் என்று கிடையாது. மெக்சிகோ மாதிரி ஒரு கற்பனை நிலம். அதில் எரிமலை, பாலைவனம், காடு, கடற்கரை, குவனஹுவாட்டோ என்ற பழைய நகரம் எல்லாம் இருக்கும். எங்கே வேண்டுமானாலும் வண்டியை விடலாம். வயலுக்குள்ளும் விடலாம்.

இன்னொரு வார்த்தை "ஆர்கேட்". கார் கேம்களில் இரண்டு சாதி உண்டு. சிமுலேஷன் வகையில் நிஜக் கார் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே இருக்கும். திருப்பத்தில் வேகமாகப் போனால் கவிழும், மோதினால் ஆட்டம் முடிந்தது. ஆர்கேட் வகையில் அந்தத் தொல்லையெல்லாம் குறைவு. 200 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதி, உடனே கிளம்பிப் போகலாம். ஹொரைசன் இரண்டுக்கும் நடுவில் இருந்தாலும், சாய்வது ஆர்கேட் பக்கம்தான்.

என் தலைமுறைக்கு இந்த சமாச்சாரம் புதிது கிடையாது.

எங்கள் ஊர் மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில், மெயின் ரோட்டில் இருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஊர். தமிழ்ச் சமணர்களின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருப்பதால் வெளியூர்க்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ஊரில் கம்ப்யூட்டர் கிடையாது. சனிக்கிழமை பஸ் ஏறி திண்டிவனம் போய், பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து ரோட் ராஷ் விளையாடுவோம். பக்கத்து பைக்காரனை எட்டி உதைப்பதும் சங்கிலியால் அடிப்பதும்தான் அந்த கேமே. பிறகு 2005ல் வந்த நீட் ஃபார் ஸ்பீட் மோஸ்ட் வான்டட். போலீஸ் துரத்தத் துரத்த ஊரெல்லாம் ஓட்டலாம்.

விளையாடிவிட்டு வெளியே வந்தால் பஸ் டிரைவர் மெதுவாக ஓட்டுவது போலத் தெரியும். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். நல்லதைச் சொல்லாமல் குறையை மட்டும் சொல்வது விமர்சனம் ஆகாது, வயிற்றெரிச்சல்.

ஒன்று, அழகு. மழை வந்து நின்ற பிறகு ஈர ரோட்டில் விழும் வெயிலை இவ்வளவு நன்றாகக் காட்டிய கேம் நான் பார்த்ததில்லை.

இரண்டு, ஓட்டும் சுகம். 500க்கும் மேற்பட்ட கார்கள். ஒவ்வொன்றும் கைக்கு வேறு மாதிரி இருக்கும்.

மூன்று, ஒரு டாக்டராக என்னைத் தொட்ட விஷயம். உடல் குறைபாடு உள்ளவர்களை இந்த கேம் மறக்கவில்லை. கேமின் வேகத்தையே குறைத்து வைத்து விளையாட வசதி இருக்கிறது. கை நடுக்கம் உள்ளவரும், விரல் மெதுவாக வேலை செய்பவரும் அதில் ரேஸ் ஓட்டலாம். நம் கேரக்டருக்கு செயற்கைக் கை, செயற்கைக் கால், காது மெஷின் வைத்துக்கொள்ளலாம். 2022ல் கதைக் காட்சிகளுக்கு அமெரிக்க, பிரிட்டிஷ் சைகை மொழியும் சேர்த்தார்கள். விபத்தில் ஒரு கையை இழந்த பையனுக்கு "உனக்கும் இதில் இடம் இருக்கு" என்று சொல்கிற கேம் இது. சாதாரண விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

இனி புகார்கள்.

புகார் 1: பசிக்க விடாத சாப்பாடு

இந்த கேம் உங்களுக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கும். ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே கோடிக்கணக்கில் விலை உள்ள கார்கள் கையில் இருக்கும். ரேஸில் கடைசியாக வந்தாலும் பரிசு. சும்மா ஊர் சுற்றினாலும் பரிசு. இது போதாதென்று "வீல்ஸ்பின்" என்று ஒன்று. திருவிழாக் கடையில் சக்கரம் சுற்றிப் பரிசு எடுப்பது மாதிரி. சுற்றினால் கார் விழும், பணம் விழும், கேரக்டருக்குத் தொப்பி விழும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 20 மணி நேரம் விளையாடிய பிறகு என் கேரேஜைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்த கார்களில் பாதியை நான் ஒரு முறைகூட ஓட்டியதில்லை.

மோஸ்ட் வான்டட் விளையாடிய காலத்தில் ஒரு காருக்காக மூன்று சனிக்கிழமை காத்திருந்தோம். அந்தக் கார் கிடைத்த நாள் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இதில் கிடைத்த எந்தக் காரும் ஞாபகம் இல்லை.

இதற்கு மூளையில் காரணம் உண்டு. எதிர்பார்த்துக் காத்திருக்கும்போதும், எப்போது வரும் என்று தெரியாமல் பரிசு வரும்போதும்தான் நம் மூளையின் டோபமின் பாதை அதிகம் துடிக்கும். கிடைத்துக்கொண்டே இருந்தால் மந்தமாகிவிடும். வீல்ஸ்பின் வைத்தவர்களுக்கு இதன் முதல் பாதி நன்றாகத் தெரியும். இரண்டாம் பாதியை மறந்துவிட்டார்கள்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். இந்தச் சக்கரத்தின் சுற்றுகளை நிஜப் பணத்துக்குத் தனித்தனியாக விற்பதில்லை. அந்த அளவுக்குக் கண்ணியமாகத்தான் இருக்கிறார்கள்.

புகார் 2: வியாழக்கிழமை வருகைப் பதிவேடு

கேமில் ஒவ்வொரு வாரமும் வியாழக்கிழமை பருவம் மாறும். மாறும்போது புது வேலைகள், புதுப் பரிசுக் கார்கள். அந்த வாரத்துக்குள் முடித்தால்தான் அந்தக் கார். விட்டால் மறுபடி எப்போது வரும் என்று தெரியாது.

இப்படித்தான் விளையாட்டு மெதுவாக வேலையாக மாறும். ஒரு மாதம் நானே தூக்கக் கலக்கத்தோடு, பிடிக்காத ரேஸை, வேண்டாத காருக்காக ஓட்டினேன். "எதுக்குடா இதைப் பண்றோம்" என்று ஒரு நாள் தோன்றிய பிறகுதான் நிறுத்தினேன்.

பெற்றோர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் "கேமிங் டிஸ்ஆர்டர்" என்று ஒன்று இருப்பது உண்மை. ஆனால் பையன் ஆசையாக விளையாடுவதெல்லாம் அது கிடையாது. விளையாட்டின் மீது கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும் விட அதுவே முக்கியமாகி, படிப்பும் உறவும் தூக்கமும் கெடுவது கண்ணுக்குத் தெரிந்தும் நிறுத்த முடியாமல், பொதுவாக 12 மாதமாவது அப்படியே தொடர்ந்தால்தான் அந்தப் பேச்சே. ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் விளையாடிய பிள்ளையை நோயாளி ஆக்காதீர்கள்.

புகார் 3: வாங்கிய பொருள் நம்முடையது இல்லை

ஃபோர்ஸா ஹொரைசன் 4ஐ 2024 டிசம்பர் 15க்குப் பிறகு புதிதாக வாங்க முடியாது. கார் கம்பெனிகளோடும் பாட்டுக் கம்பெனிகளோடும் போட்ட உரிம ஒப்பந்தம் முடிந்தால் கடையில் இருந்து எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் விளையாடலாம். அதுவரை பரவாயில்லை.

யுபிசாஃப்டின் தி க்ரூ என்ற ஓப்பன் வேர்ல்டு கார் கேமின் கதை இன்னும் மோசம். 2014ல் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாகத் தந்த கேம். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். தனியாக விளையாடவும் சர்வர் வேண்டும் என்பதால், காசு கொடுத்து வாங்கியவர்களும் அன்றோடு வெளியே. அந்தக் கோபத்தில்தான் "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்கள் கொண்டுவந்த மனுவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்து தாண்டியது.

பிரவுசிங் சென்டர் காலத்து ரோட் ராஷை இன்றைக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓட்டலாம். இன்றைக்கு வாங்கும் கேம் 20 வருடம் கழித்து ஓடுமா என்று கடைக்காரருக்கே தெரியாது.

புகார் 4: எச்சரிக்கைப் பலகையில் பரிசு

இந்தப் புகாருக்கு வரத்தான் இவ்வளவு தூரம் நடந்தோம்.

ஹொரைசனில் சாகசம் செய்வதற்கென்று சில இடங்கள் வரைபடம் முழுக்க இருக்கும். அவற்றின் பெயர்களைக் கேளுங்கள்.

"ஸ்பீடு டிராப்." வேகம் அளக்கும் கேமரா. நம் ஊரில் அதைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்போம். கேமில் எவ்வளவு அதிக வேகத்தில் தாண்டுகிறோமோ அவ்வளவு நட்சத்திரம்.

"டேஞ்சர் சைன்." அபாயப் பலகை. அதைப் பார்த்தால் வேகமெடுத்து, அதை உடைத்துக்கொண்டு மேட்டில் இருந்து பறக்க வேண்டும். எவ்வளவு தூரம் பறந்தோமோ அவ்வளவு நட்சத்திரம்.

"நியர் மிஸ்." எதிரே வரும் வண்டியை மயிரிழையில் உரசாமல் தாண்டினால் புள்ளி. அடுத்தடுத்துத் தாண்டினால் புள்ளி பெருகிக்கொண்டே போகும்.

தப்பித் தவறி மோதிவிட்டால்? ஒரு பட்டன். ரீவைண்ட். சில விநாடி பின்னால் போய், மோதாத மாதிரி மறுபடி ஓட்டலாம்.

விளையாடும்போது இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது. கேம் என்பதே நிஜத்தில் செய்யக்கூடாததைச் செய்து பார்க்கும் இடம்தானே?

ஆனால் நான் பகலில் பார்க்கும் வேலை வேறு.

2022ல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாடு. 64,105 விபத்துகள். இறப்பில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்து இரண்டாமிடம். நாடு முழுவதும் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் அதிவேகத்தால் போனவர்கள் என்று அதே அறிக்கை சொல்கிறது. பத்துக்கு நாலுக்கும் மேல் டூவீலரில் போனவர்கள்.

சென்னையில் இருந்து திண்டிவனம், விழுப்புரம் வழியாகத் திருச்சி போகும் ஜிஎஸ்டி ரோட்டின் ஓரத்தில் கேஷுவாலிட்டி பார்த்த எந்த டாக்டரையும் கேளுங்கள். இந்த எண்களுக்கு முகம் இருக்கும். மொபைலில் "அம்மா" என்று ஒளிர்ந்துகொண்டே இருக்கும் அழைப்பு இருக்கும். அதை எடுத்துப் பேசுகிற வேலை யாராவது ஒருவருக்கு விழும். சில நாள் எனக்கு விழுந்திருக்கிறது.

அப்படி ஒரு ராத்திரி முடிந்து வீட்டுக்கு வந்து, கை பழக்கத்தில் கேமைப் போட்டேன். ஒரு லாரியை உரசாமல் தாண்டினேன். நியர் மிஸ் என்று திரையில் புள்ளி விழுந்தது. அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு மாதம் அதைத் தொடவில்லை.

இப்போது மாப்ள கதை.

மாப்ள என்றால் என் அக்கா மகன். மேல்சித்தாமூரில்தான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பு பரீட்சை முடிந்ததும் என் பழைய கேமிங் லேப்டாப்பை அவனுக்குக் கொடுத்தேன். அதில் ஹொரைசன் இருந்தது. லீவுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேரும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். என்னை விட நன்றாக ஓட்டுவான். "மாமா, நீங்க பிரேக் அதிகமா புடிக்கிறீங்க" என்பான்.

அவன் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு தை மாதம். எங்கள் பக்கத்தில் அப்போது ரோட்டில் பாதி களமாகிவிடும். உளுந்துச் செடியையும் நெல்லையும் தார் ரோட்டில் பரப்பிக் காயப்போடுவார்கள். வண்டி மேலே ஏறிவிடாமல் இருக்க ஓரமாக வரிசையாகக் கல் வைப்பார்கள். மிச்சம் இருக்கும் பாதி ரோட்டில்தான் பஸ், டிராக்டர், ஆடு, மாடு, மனுஷன் எல்லாம் போக வேண்டும்.

மாப்ள அவங்க அப்பா பைக்கில் டியூஷன் முடிந்து வந்துகொண்டிருந்தான். முன்னால் கரும்பு லோடு டிராக்டர். அதைத் தாண்ட நினைத்து வெளியே எடுத்தான். தாண்டும்போதுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் உளுந்து காய்கிறது. அதன் ஓரத்தில் ஒரு ஆயா உட்கார்ந்து கிளறிவிட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆயாவைத் தவிர்க்க ஒடித்தான். முன் சக்கரம் கல்லில் ஏறியது. விழுந்தான். ஆயாவுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

எனக்கு போன் வந்தபோது நான் டூட்டியில் இருந்தேன். அக்கா பேசவில்லை, அழுதாள். "சுயநினைவோட இருக்கானா? வாந்தி எடுத்தானா? மூச்சு விடறதுல கஷ்டம் இருக்கா?" என்று கேட்டேன். கேட்ட குரல் டாக்டர் குரல்தான். போன் பிடித்திருந்த கை டாக்டர் கை இல்லை.

தலையில் அடி இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது. இடது பக்கக் காறை எலும்பு முறிவு. தோளில் விழுந்தால் வழக்கமாக உடையும் எலும்பு. பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமல் கையைத் தூளி மாதிரி கட்டித் தொங்கவிட்டாலே சில வாரத்தில் கூடிவிடும். அவனுக்கும் கூடியது.

ஹெல்மெட்? இருந்தது. பைக் டேங்க் மேல் இருந்தது.

தலையில் அடி படாததற்கு மருத்துவக் காரணம் எதுவும் என்னிடம் இல்லை. அதிர்ஷ்டம். அவ்வளவுதான்.

அன்று ராத்திரி அக்கா வீட்டில் உட்கார்ந்து, வந்த கோபத்தை எல்லாம் கேம் மீது கொட்டினேன். "எல்லாம் இந்த கேம் பண்ற வேலை. நியர் மிஸ், நியர் மிஸ்னு பழகிட்டான். லேப்டாப்பை முதல்ல எடுத்து உள்ள வை" என்றேன்.

அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். "ஏன் தம்பி, போன வருஷம் அவன் வண்டி கேட்டப்ப, ஊருக்குள்ளதானே, ஓட்டட்டும் விடுக்கா, நாங்கல்லாம் அப்படித்தான கத்துக்கிட்டோம்னு நீதான சொன்ன?"

சொன்னேன். நான்தான் சொன்னேன்.

தினமும் விபத்துக் கேஸ் பார்க்கிற நான், 16 வயதுப் பையன் லைசென்ஸ் இல்லாமல் கியர் பைக் ஓட்டுவதை "விடுக்கா" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டிருக்கிறேன். 2019ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இதெல்லாம் தெரிந்த ஆள்தான் நான்.

சரி, அப்படியானால் கேமுக்குப் பங்கே இல்லையா?

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம்.

2007ல் ஜெர்மனியில் பீட்டர் ஃபிஷரும் சகாக்களும் செய்த ஆய்வில், ரேஸ் கேம் விளையாடிய உடனே சோதித்தபோது, வேறு கேம் விளையாடியவர்களை விட இவர்கள் சாலைச் சூழல்களில் அதிக ரிஸ்க் எடுத்தார்கள். 2012ல் அமெரிக்காவில் வெளியான ஜே ஹல் குழுவின் ஆய்வு, 5000க்கும் மேற்பட்ட வளரிளம் பருவத்தினரைச் சில வருடங்கள் தொடர்ந்து பார்த்தது. சாகசத்தைப் புகழும் கேம்களை விளையாடியவர்களிடம் பிற்பாடு தாறுமாறாக வண்டி ஓட்டும் பழக்கம் அதிகம் காணப்பட்டது.

ஆனால் முதல் ஆய்வு அளந்தது சோதனைக்கூடத்தில், திரையில் காட்டிய சூழலில். நிஜ ரோட்டில் இல்லை. இரண்டாவதில், ரிஸ்க் பிடித்த பிள்ளைகளே அந்த கேம்களைத் தேடிப் போயிருக்கலாம் என்ற கேள்வியை முழுசாக விலக்க முடியாது. ஆக, "கேம்தான் காரணம்" என்று தீர்ப்பு எழுத இவை போதாது. "கேமுக்குச் சம்பந்தமே இல்லை" என்று கைகழுவவும் இவை விடாது.

என் கருத்து இது. கேம் விளையாடி முடித்த உடனே வேகத்தின் அளவு நமக்குள் மாறிப்போயிருக்கும். பஸ் டிரைவர் மெதுவாக ஓட்டுவதாகத் தெரிந்தது என்றேனே, அது. அந்த நேரத்தில் கையில் வண்டிச் சாவி இல்லை என்றால் ஒன்றும் ஆகாது. பிரவுசிங் சென்டரில் இருந்து எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது பஸ். நாங்கள் பிழைத்தது அதனால்தான். நாங்கள் ஒன்றும் பெரிய ஒழுக்கசீலர்கள் கிடையாது.

கதை இதோடு முடியவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஆயா வந்தார். முந்தானையில் மல்லாட்டை முடிந்துகொண்டு. அவர் வந்தது சண்டைக்கு என்று நினைத்து அக்கா எழுந்து நின்றுவிட்டாள். வந்தவர் நேராக மாப்ள பக்கத்தில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட தோளைத் தடவிப் பார்த்து, "என்னைக் காப்பாத்தப் போயி நீ வுழுந்துட்டியே சாமி" என்றார்.

அவன் அப்போதுதான் அழுதான். எலும்பு உடைந்த அன்று அழாதவன்.

ஆயா போன பிறகு என்னிடம் சொன்னான்: "மாமா, கேம்ல அந்த ஆயா கெடையாது."

நான் நாலு வருடம் விளையாடி, இவ்வளவு நீளப் புகார்ப் பட்டியல் போட்டு, கண்டுபிடிக்காததை அவன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

யோசித்துப் பாருங்கள். ஹொரைசனின் மெக்சிகோவில் ரேஸ் நடக்கும் இடத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரசிகர்கள் கையசைப்பார்கள். ஆனால் ரோட்டைக் கடக்க ஒரு ஆள் வரமாட்டார். ஸ்கூல் விட்டு ஓடிவரும் பிள்ளை இல்லை. தண்ணீர்க் குடம் தூக்கி வரும் பெண் இல்லை. உளுந்து காயப்போடும் ஆயா இல்லை. அத்தனை அழகான நகரத்தில் குடியிருப்பவர்களைக் காணோம். எவ்வளவு வேகமாகப் போனாலும் யாருக்கும் எதுவும் ஆகக்கூடாது என்பதற்காக, ஆகக்கூடிய ஆட்களையே எடுத்துவிட்டார்கள்.

விளையாட்டாக அது சரியான முடிவு. ஆட்களை வைத்து, அவர்கள் மீது ஏற்றவும் விட்டால் இதை விடக் கேவலமாக இருக்கும். அதனால் கேம் செய்தவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

ஆனால் அந்த ரோட்டிலேயே ஓட்டிப் பழகிய பையனிடம், "டேய் மாப்ள, நம்ம ரோட்டுல ஆள் இருப்பாங்க" என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். லேப்டாப் கொடுத்தவன்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கணக்கையாவது சொல்லியிருக்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பைக் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். ஆளைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கைத் தொடவே சுமார் ஒரு விநாடி ஆகும். அதாவது பிரேக் பிடிக்கும் முன்பே ஒன்றரை பஸ் நீளம் போயிருப்போம். வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்கு. ஆர்கேட் கேம் இந்தக் கணக்கைத் தள்ளுபடி செய்துவிடும். எலும்பு செய்யாது.

அந்த வருடத் தேருக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன்.

எங்கள் ஊரில் மரத்தேர் உண்டு. வடம் பிடிக்க எல்லோரும் ஓடுவார்கள். தோள் சரியாகிவிட்டதால் மாப்ளயும் பிடிக்கக் கிளம்பினான். நான் அவனைச் சக்கரத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே முட்டுக்கட்டை போடுகிறவர்கள் குனிந்தபடியே தேரோடு நடந்து வருவார்கள். எந்த இடத்தில் கட்டையைக் கொடுத்தால் தேர் நிற்கும், எந்தக் கோணத்தில் கொடுத்தால் திரும்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். இழுக்க நூறு பேர் கிடைப்பார்கள். நிறுத்தத் தெரிந்தவர் நாலு பேர்தான். தப்பினால் முதலில் போவது அவர்கள் கை.

நான் எதுவும் உபதேசம் செய்யவில்லை. அவனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இவங்கதான் மாமா டிரைவர்" என்றான்.

கேமின் பெயரிலும் திருவிழா இருக்கிறது. ஹொரைசன் ஃபெஸ்டிவல் என்றுதான் அவர்களே சொல்கிறார்கள். அந்தத் திருவிழாவில் முட்டுக்கட்டை போடுகிறவர் இல்லை. இதையும் என் புகார்ப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கும் மாமாக்களுக்கும் நான் சொல்ல விரும்புவது:

கேமைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை விளையாடிப் பாருங்கள். எதற்குப் புள்ளி விழுகிறது என்று கவனியுங்கள். அதைப் பற்றிப் பேசுங்கள்.

கேம் முடித்த கையோடு வண்டியை எடுக்க விடாதீர்கள். அரை மணி நேரம் போகட்டும். இது எந்த வழிகாட்டியிலும் இல்லாத, என் சொந்த விதி.

18 வயதும் லைசென்ஸும் ஆகும் வரை கியர் வண்டிச் சாவி கொடுக்காதீர்கள். "ஊருக்குள்ளதானே" என்ற வார்த்தையை அகராதியில் இருந்தே எடுத்துவிடுங்கள். ஊருக்குள்தான் ஆயாக்கள் இருக்கிறார்கள்.

ஹெல்மெட் தலையில் இருக்கட்டும். சரியாகப் பட்டை மாட்டிய ஹெல்மெட், விபத்தில் தலைக்காயத்தின் ஆபத்தைச் சுமார் 70 சதவீதமும் இறப்பின் ஆபத்தைச் சுமார் 40 சதவீதமும் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. டேங்க் மேல் வைத்தால் பெட்ரோல் டேங்குக்குத்தான் பாதுகாப்பு.

விபத்தைப் பார்த்தால் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்தவராக இருந்தாலும் சரி. காசைப் பற்றி யோசித்து ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்க வேண்டாம்.

ஹொரைசனின் அடுத்த பாகம் ஜப்பானில் நடக்கும் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அறிவிப்பைப் பார்த்த உடனே மாப்ளதான் எனக்கு லிங்க் அனுப்பினான். "மாமா, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான்.

"வாங்கலாம். உங்க அம்மாகிட்ட நீயே கேளு" என்று பதில் போட்டேன்.

வாங்குவோம். விளையாடுவோம். அவன் என்னைத் தோற்கடிப்பான். "மாமா, பிரேக் அதிகமா புடிக்கிறீங்க" என்று இப்போதெல்லாம் அவன் சொல்வதில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன கேம் விளையாடுகிறார்கள், நீங்கள் சேர்ந்து விளையாடியதுண்டா என்று கீழே எழுதுங்கள். டூட்டி முடிந்து வந்து படிக்கிறேன்.

நாளை வண்டி எடுக்கும்போது ஹெல்மெட்டை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். தலையில்தானே இருக்கிறது?